அறுபத்தோராவது இலை

பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டிகளுக்கு மயில் என்று பெயர் வைத்தவன் சிக்கந்தர். திண்டுக்கல்காரன். முப்பது வயது. ஐந்து வேளையும் தொழுகிறவன். “முருகனே மயில்லதானே வர்றாரு. அவரைப் பார்க்கப் போறவங்களுக்குத் தண்ணி மட்டும் லாரியிலயா வரணும்?” என்று கேட்டான். பாதயாத்திரைச் சங்கத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரமே, ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் அந்த ஆறுசக்கர வண்டிகள் பன்னிரண்டுக்கும் நீலமும் பச்சையுமாக வண்ணம் அடித்தாகிவிட்டது.

இது நடந்தது இரண்டாயிரத்து அறுபத்திரண்டில். மார்கழியிலேயே பத்து மணிக்கு மேல் தாரில் கால் வைக்க முடியாத காலம் அது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒட்டன்சத்திரம் அருகே நாலு பேர் வெயிலில் மயங்கி விழுந்தார்கள். உயிர் பிழைத்தார்கள், ஆனால் மறு வருடம் யாத்திரைக்கு அனுமதி கிடைக்கவில்லை. இந்த வருடம் நிபந்தனையோடு கொடுத்திருந்தார்கள். நடக்கிற ஒவ்வொருவரும் கையில் ஒரு பட்டை கட்ட வேண்டும். ஆள் எங்கே இருக்கிறார், நாடி எப்படி, உடம்புச் சூடு எவ்வளவு என்று அந்தப் பட்டை நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லும். அதெல்லாம் ஒரு வரைபடத்தில் தெரிய வேண்டும். யாராவது ஒருவர் தண்ணீர் கிடைக்காமல் விழுந்தாலும் அனுமதி ரத்து. பிறகு எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த வரைபடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தேனம்மையிடம் வந்து சேர்ந்தது. காரைக்குடியில் பிறந்தவள்; குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுவது அவள் வேலை. நாற்பது வயதுக்குள் பதினேழு முறை பழனிக்கு நடந்திருக்கிறாள். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோரும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் கருவிதான் வேண்டும் என்பதில் மட்டும் அவள் உறுதியாக இருந்தாள்.

“அன்னதானம் மாதிரிக்கா” என்றான் சிக்கந்தர். “எவனோ ஒருத்தன் எங்கயோ உட்கார்ந்து எழுதி வச்சிருக்கான். யாரு சாப்பிடுறான்னு பார்க்கலை. நாமளும் போய் உட்கார வேண்டியதுதான்.”

“உட்காரலாம். எந்தப் பந்தியில உட்கார்றதுன்னுதான் தெரியலை.”

இரண்டு கருவிகள் இறுதிவரை வந்திருந்தன. ஒன்று தேன்கூடு. மற்றது பொட்டு. வெளிநாட்டில் வேறு பெயர்கள். இந்தப் பெயர்களும் சிக்கந்தர் வைத்தவைதான்.

தேன்கூடு புதியது. நிலத்தை அறுகோண அறைகளாகப் பிரித்துக்கொள்ளும். அறையில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அந்த அளவுக்கு அது உயரமாக எழும்பும். வெயிலில் வாடுகிறவர்கள் அதிகமானால் மஞ்சள் செம்மையாகும், செம்மை கருஞ்சிவப்பாகும். லட்சம் பேரைப் போட்டாலும் பழைய போனில்கூடத் தண்ணீர் மாதிரி ஓடியது. பார்த்தவர்கள் எல்லோரும் கண் எடுக்காமல் நின்றார்கள்.

பொட்டு பழையது. ஒரு ஆளுக்கு ஒரு புள்ளி வைக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சோதனைக்காக லட்சம் புள்ளிகளைப் போட்டபோது சிக்கந்தரின் போன் சூடாகி நின்றுவிட்டது. நின்ற படமும் அழகாக இல்லை.

“ரோட்டுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு” என்றான் அவன்.

“இதுல நாம பார்க்கிறது முக்கியமில்லை சிக்கந்தர். மயில் என்ன பார்க்குது?”

“படத்துல என்ன வரையறோமோ அதைத்தான்க்கா அது பார்க்கும். தனியாக் கண்ணு கிடையாது. எந்த அறை சிவப்பா இருக்கோ அங்க ஓடும். பொட்டுன்னா ஒவ்வொரு புள்ளியாப் பார்த்து யோசிக்கும், திணறும். தேன்கூடுன்னா கூட்டத்தைப் பார்த்து டக்குன்னு போயிரும்.”

தேனம்மையின் மனம் தேன்கூட்டுப் பக்கம் சாய்ந்தது. சங்கத்தார் மனம் எப்போதோ சாய்ந்துவிட்டது. பந்தல் வாசலில் பெரிய திரை வைத்து அதைக் காட்ட வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. மார்கழி இரண்டாம் ஞாயிறு ஒத்திகை நடை. சங்கத்துத் தொண்டர்கள் அறுபது பேர் ஒட்டன்சத்திரத்தில் தொடங்கி ஆலாம்பட்டிப் பந்தல் வரை பத்து கிலோமீட்டர் நடப்பார்கள். தேன்கூட்டைப் பார்த்து மயில்கள் ஓடும். அன்று மாலை ஐந்து மணிக்குள் எந்தக் கருவி என்று அனுமதி தரும் அரசு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

ஒத்திகை நன்றாகவே நடந்தது. காலை ஆறு மணிக்குக் கிளம்பிய அறைகள் திரையில் மெல்ல எழுந்து, நகர்ந்து, மஞ்சளானபோதெல்லாம் ஒரு மயில் போய் நின்று குளிர்ந்த நீரும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் கொடுத்தது. பத்தரை மணிக்குள் எல்லோரும் பந்தலுக்கு வந்து சேர்ந்தார்கள். திரையின் மேல் மூலையில் ‘வந்தவர் 59, வழியில் 0’ என்று எழுத்து மின்னியது. பன்னிரண்டு மயில்களும் பந்தலின் பின்புறம் நிழலில் வரிசையாக நின்று மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்தன. கால் கழுவினார்கள், வேல் வைத்துக் கும்பிட்டார்கள், சாப்பிட உட்கார்ந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குச் சமையல்காரர் ஆண்டியப்பன் தோளில் துண்டோடு வந்து நின்றார்.

“ஆச்சி, ஒரு சின்ன விசயம்.”

“சொல்லுங்கண்ணே. சாம்பார் ரொம்ப நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“அது எப்பவும் நல்லாத்தான் இருக்கும். ஒரு இலை மிச்சமாயிருச்சு.”

தேனம்மைக்கு முதலில் புரியவில்லை. ஆண்டியப்பன் விளக்கினார். அவர் சமையல்கட்டில் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை பேர் நடக்கிறார்களோ அத்தனை இலையைக் காலையிலேயே எண்ணிக் கழுவி அடுக்கிவிடுவார். கடைசி இலையில் சோறு விழும்வரை அடுப்பை அணைக்க மாட்டார். காலையில் பட்டை அறுபது கட்டினார்கள். அதனால் இலையும் அறுபது.

“சாப்புட்டவுக அம்பத்தொம்பது. அடுப்பு எரியுது. வெறகு வீணாப் போகுது.”

சிக்கந்தர் திரையைக் காட்டினான். “மாமா, ஸ்கிரீன்லயும் அம்பத்தொம்பதுதான் போட்டிருக்கு. நீங்கதான் ஒண்ணு கூட எண்ணியிருப்பீங்க.”

“ஏன் மாப்ள, ஸ்கிரீனா வந்து சாப்புட்டுச்சு? நான் இலை எண்ணி இருவது வருசம் ஆச்சு. உன் ஸ்கிரீன் நேத்து வந்துச்சு.”

“யாராச்சும் பாதியில வீட்டுக்குப் போயிருப்பாங்க.”

“போனா பட்டையக் கழட்டிக் குடுத்துட்டுத்தானே போவாக? கழட்டுனது ஒண்ணும் இல்லையே.”

இதைச் சொன்னவுடன் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேனம்மை காலையில் எழுதிய பேரேட்டை எடுத்தாள். வந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள். முப்பத்தேழாம் எண்ணில் அவள் விரல் நின்றது.

“குழந்தைவேலு அண்ணன்.”

குழந்தைவேலு பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். யாத்திரைக்கு வரும் எல்லோருக்கும் அவரைத் தெரியும், ஆனால் அவரோடு நடந்தவர்கள் குறைவு. ஒரு கையில் இடுக்கி, மறு தோளில் சாக்கு. வழியில் கிடக்கும் கண்ணாடித் துண்டு, முள், ஆணி எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வருவார். வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குக் குத்திவிடக் கூடாது. அதனால் அவர் எப்போதும் கடைசியில், எப்போதும் தனியாக வருவார்.

“ஒத்திகைக்குச் சும்மா நடந்தாப் போதும்னு சொன்னேனே” என்றாள் தேனம்மை.

சிக்கந்தர் அதற்குள் மடிக்கணினியைத் திறந்து, அதே தகவலைப் பொட்டில் போட்டிருந்தான். பந்தலின் மேல் ஐம்பத்தொன்பது புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. நாலு கிலோமீட்டர் பின்னால், சாலையை ஒட்டி, ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. நாற்பது நிமிடமாக அது அசையவில்லை.

தேனம்மை “முருகா” என்றாள்.

பின்னால் பன்னிரண்டு மயில்களும் வயிறு நிறையத் தண்ணீரோடு நிழலில் நின்றுகொண்டிருந்தன.

சிக்கந்தர் ஒரு மயிலுக்குக் கையால் வழி சொல்லி அனுப்பிவிட்டுத் தன் ஸ்கூட்டரை எடுத்தான். தேனம்மை பின்னால் ஏறினாள். ஆண்டியப்பன் ஓடிவந்து ஒரு ஈரத்துண்டை அவள் கையில் திணித்தார்.

“அடுப்பை அணைக்கலை ஆச்சி. கூட்டிக்கிட்டு வாங்க.”

வழியில் இரண்டு பக்கமும் சின்ன வெங்காயக் காடுகள். கானல் நெளிந்தது. புள்ளி காட்டிய இடத்தை நெருங்கியபோது சாலையோரத்தில் ஒரு சாக்கு நிமிர்த்தி வைத்திருந்தது. பாதிக்கு மேல் கண்ணாடித் துண்டும் முள்ளும். அதன்மேல் இடுக்கி, கூர்முனை யாருக்கும் படாதபடி உள்பக்கம் திருப்பி வைத்திருந்தது. ஆளைக் காணவில்லை.

இந்த வெயிலில் ஒருவர் எழுந்து எங்கே போயிருக்க முடியும்?

“ஏனுங்க, சாக்குக்காரரைத் தேடறீங்களா?”

வெங்காயக் காட்டுக்கு நடுவே இருந்த மோட்டார் அறை வாசலில் ஒரு பெண் நின்று கையசைத்தாள். தலையில் முக்காடாகச் சிவப்புத் துணி. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். இருவரும் வரப்பில் ஓடினார்கள்.

மோட்டார் அறைக்குள் குழந்தைவேலு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் ஈரச் சாக்கு. கால்கள் இரண்டும் மோட்டார் தண்ணீர் விழும் தொட்டியில். ஒரு கையில் சொம்பு. மறு கையில் உரித்த வெங்காயம்.

இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அந்தப் பெண் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

“உக்காருங்க. எந்திரிச்சா மறுபடியும் சாஞ்சிருவீங்க. இப்பத்தான் ரெண்டு சொம்பு மோரு உள்ள போயிருக்குது.”

“ஆச்சி, கோவிச்சுக்காதீக” என்றார் குழந்தைவேலு. குரல் வறண்டிருந்தது. “நான் லேட்டாயிட்டேன். எல்லாரும் போய்ச் சேர்ந்ததும் வண்டியை நிறுத்திட்டாக போலன்னு நெனச்சுக்கிட்டேன். தப்பு என் மேலதான். இங்கன ஒரே கண்ணாடி. யாரோ பாட்டிலை ஒடைச்சுப் போட்டுருக்காக. அடுத்த மாசம் எத்தனை பேரு காலு வைக்கிற எடம், விட்டுட்டு வர மனசு வரலை.”

தேனம்மை அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆண்டியப்பன் கொடுத்த துண்டால் அவர் முகத்தைத் துடைத்தாள். தண்ணீர் வராததற்குத் தாமே காரணம் என்று நம்பிக்கொண்டு இந்த மனிதர் வெயிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். விழுந்துவிடுவோம் என்பதைவிட அவருக்கு அதுதான் வருத்தமாக இருந்திருக்கிறது.

“தப்பு உங்க மேல இல்லைண்ணே. எங்க படத்துல நீங்க இல்லை.”

“படத்துல இல்லையா? பட்டை கட்டித்தானே இருக்கேன்” என்று அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

சிக்கந்தர் வாசற்படியில் உட்கார்ந்து போனில் எதையோ வேகமாகத் தேடிக்கொண்டிருந்தான். தேன்கூட்டின் மூல நிரலை யாரும் திறந்து படிக்கலாம். அதில்தான் அவன் இறங்கியிருந்தான்.

“கிடைச்சிருச்சுக்கா. ஒரு அறையில மூணு பேருக்குக் குறைவா இருந்தா அந்த அறையை வரையாதேன்னு எழுதியிருக்கு. வரையலைன்னா மயிலுக்குத் தெரியாது. வரையாத அறையை மொத்தக் கணக்குலயும் சேர்க்கலை. அதான் அம்பத்தொம்பது.”

“ஏன் அப்படி எழுதணும்? ஒருத்தர் ரெண்டு பேருன்னா ஆளில்லையா?” தேனம்மைக்குக் கோபம் வந்தது. அவளுக்கு எப்போதாவதுதான் வரும்.

“இருங்க. காரணமும் எழுதி வச்சிருக்காங்க.” அவன் மெதுவாகப் படித்தான். “‘தனியாக நடப்பவரை இந்தப் படம் ஒருபோதும் காட்டக் கூடாது. என் தோழி ஒருத்தி தனியாக ஓடப் போகும் பாதையை ஒருவன் வரைபடத்தில் பார்த்துப் பின்தொடர்ந்தான். இன்னொருத்திக்கு அது நடக்க வேண்டாம். மரித், நார்வே.’”

தேனம்மையின் கோபம் போன இடம் தெரியவில்லை. எங்கோ பனி நாட்டில் ஒரு பெண் தன் தோழியை நினைத்து நல்லதே செய்திருக்கிறாள். அந்த நல்லதுக்குள்தான் குழந்தைவேலு காணாமல் போயிருந்தார்.

“அப்ப பொட்டையே வச்சுக்குவோம்” என்றான் சிக்கந்தர். “மெதுவா ஓடினாலும் ஆளை விடாது.”

“பொட்டுல யாத்திரைக்குப் போற ஒவ்வொரு பொண்ணும் எங்க தனியா நிக்கிறான்னு ஊருக்கே தெரியும். பந்தல் வாசல்ல பெரிய திரையில வேற.”

“அதுவும் சரிதான்.”

மோருக்கு இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள். “நீங்க என்னமோ பெரிய வெசயம் பேசறீங்க. எனக்குப் புரிஞ்ச மட்டுல சொல்லட்டுங்களா?”

“சொல்லுங்கக்கா. உங்க பேரு?”

“பஞ்சவர்ணமுங்க. நான் தினமும் இந்தக் காட்டுல ஒத்தையிலதான் கெடக்கறேன். அது ஊருக்கெல்லாம் தெரியோணும்னு அவசியம் இல்லீங்க. தெரியாம இருக்கறதுதான் நல்லது. ஆனா தண்ணி கொண்டாறவனுக்குத் தெரியோணுமல்லோ? எங்கூட்டுல கதவைச் சாத்தி வச்சிருப்போம். பால்காரனுக்கு மட்டும் தெறப்போம். அதுக்காவக் கதவே வேண்டாம்னு சொல்லுவோமா?”

சிக்கந்தர் தேனம்மையைப் பார்த்தான்.

“திரைக்கு ஒண்ணு, மயிலுக்கு ஒண்ணு” என்றான். “மூணு பேருக்குக் குறைஞ்ச அறையை மனுசங்க பார்க்கிற படத்துல வரைய வேண்டாம். மயில் பார்க்கிற படத்துல மட்டும் வரைவோம். ஒரு மணி நேர வேலைக்கா இது. ஏன் நமக்குத் தோணலை?”

“நமக்குக் கதவு சாத்தி வாழ வேண்டிய அவசியம் இல்லை போல” என்றாள் தேனம்மை.

மயில் அப்போதுதான் வந்து சேர்ந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று, ‘தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், முருகன் துணை’ என்று தன் பதிவுக் குரலில் சொன்னது.

“லேட்டா வந்துட்டு வாயைப் பாரு” என்றார் குழந்தைவேலு. அவர் சிரித்ததைப் பார்த்துத்தான் தேனம்மைக்கு மூச்சு வந்தது.

மயிலிலேயே ஒரு மருத்துவப் பெட்டியும் உட்காரும் இடமும் உண்டு. அவரை அதில் ஏற்றினார்கள். சாக்கையும் ஏற்றச் சொன்னார், ஏற்றினார்கள். தேனம்மை பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களும் வாங்க. பந்தல்ல சாப்பாடு இருக்கு.”

“ஐயோ, எனக்கெதுக்குங்க? நான் மாலை போட்டு நடக்கறவளா?”

“இன்னைக்கு யாத்திரையை நடத்தினதே நீங்கதான். வாங்க.”

பஞ்சவர்ணம் மோட்டாரை நிறுத்தினாள். கால் கழுவினாள். பிறகு ஒரு கூடை வெங்காயத்தையும் தூக்கிக்கொண்டு, “வெறுங்கையோட எப்படி வாறதுங்க” என்று மயிலில் ஏறினாள்.

பந்தலில் ஐம்பத்தொன்பது பேரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். ஆண்டியப்பன் அடுப்பை அணைக்கவில்லை. குழந்தைவேலுவைக் கைத்தாங்கலாக இறக்கி உட்கார வைத்து, மிச்சமிருந்த அறுபதாவது இலையை அவர் முன் போட்டார். பிறகுதான் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“ஆச்சி, இலை தீர்ந்துபோச்சே.”

“தட்டு இல்லையாண்ணே?”

“என் பந்தியில தட்டா?” அவர் அதை வசவாகவே எடுத்துக்கொண்டார். சுற்றிப் பார்த்தார். ஒரு கத்தியை எடுத்தார். நேராகப் பந்தல் வாசலுக்குப் போனார். அங்கே இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம் கட்டியிருந்தது. அதில் நல்ல தலைவாழை இலையாகப் பார்த்து ஒன்றை அறுத்தார்.

“மாமா, வாசல் வாழையில கை வச்சா கையை ஒடிப்பேன்னு நேத்து எங்கிட்டச் சொன்னது யாரு?” என்று கேட்டான் சிக்கந்தர்.

“அது உனக்குச் சொன்னது. இவுக விருந்தாளி.”

இலையைக் கழுவிப் போட்டு, அவரே சோறு பரிமாறினார். பஞ்சவர்ணம் முதல் வாய் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, “வெங்காயம் பழசுங்க” என்றாள். பந்தலே சிரித்தது. ஆண்டியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் அவள் கூடையைத் திறந்து, ஒரு வெங்காயத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“இனிமே ஒங்க காட்டுல இருந்துதான் வாங்குறது. இன்னொண்ணும் சொல்லிப்புடுறேன் ஆச்சி. இனிமே எண்ணிக்கைக்கு மேல ஒரு இலை கூடுதலாப் போடப் போறேன். யாரு வருவாகன்னு எந்த ஏட்டுலயும் இல்லை பாருங்க. இன்னைக்கு வாழைமரம் இருந்துச்சு.”

தேனம்மை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பஞ்சவர்ணத்தைப் பார்த்தாள். இந்தப் பெண்ணின் கையில் பட்டை இல்லை. தேன்கூட்டிலும் இவள் இல்லை, பொட்டிலும் இல்லை. எந்தப் படத்திலும் இல்லாத ஒருத்தி, திரையில் தெரியாமல் போன ஒருவரைப் பார்த்து, மோட்டாரை விட்டுவிட்டு வரப்பில் ஓடியிருக்கிறாள். இறைவன் நம்மை எண்ணும்போது அறை போட்டு எண்ணுவதில்லை. மனிதர்கள் போடும் படம் எதுவானாலும் ஒரு ஓரம் வெளியே நின்றுவிடுகிறது. அங்கேயும் தாகம் இருக்கும்.

“சிக்கந்தர், மயில் பன்னிரண்டுல ஒண்ணுக்கு மட்டும் வேற வேலை குடுக்க முடியுமா?”

“என்ன வேலை?”

“படத்துல யாருமே இல்லாத ரோட்டுல போகணும். புள்ளி இல்லாத இடமாப் பார்த்துப் போய்ட்டு வரணும்.”

“சும்மாவா?”

“ஆண்டியப்பண்ணன் போடுற கூடுதல் இலை மாதிரி.”

“செஞ்சிரலாம்க்கா” என்றான் அவன். பிறகு மதியத் தொழுகையான லுஹரை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான். வந்ததும் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தான். தேன்கூட்டின் நிரலில் இரண்டு மாற்றங்கள் செய்தான். முதலாவது, தனியாளைத் திரைக்கு மறைத்து மயிலுக்குக் காட்டுவது. இரண்டாவது, வெற்று வழியில் ஒரு வண்டியை அனுப்புவது. அந்த இரண்டாவதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஆங்கில எழுத்தில் ‘இலை’ என்றே போட்டான்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தேனம்மை படிவத்தை நிரப்பினாள். எந்தக் கருவி என்ற கட்டத்தில் ‘தேன்கூடு, ஒரு இலை சேர்த்தது’ என்று எழுதினாள். கீழே, ஒத்திகையில் நடந்ததை ஒளிக்காமல் அரைப் பக்கம் எழுதினாள். ஒருவர் தண்ணீர் இல்லாமல் தவித்தார் என்று தானே எழுதிக் கொடுத்தால் அனுமதி போய்விடலாம் என்று சங்கத்தில் சிலர் பயந்தார்கள். அவளும் பயந்தாள். ஆனாலும் எழுதினாள்.

ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஓர் அதிகாரி, சோர்ந்த குரல். “இத்தனை சங்கத்துல இருந்து படிவம் வந்திருக்கும்மா. ஒத்திகையில எல்லாமே நல்லா நடந்துச்சுன்னுதான் எல்லாரும் எழுதியிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் என்ன கெட்டுச்சுன்னு எழுதியிருக்கீங்க. அதனால உங்களை நம்பலாம்னு தோணுது. அனுமதி குடுத்தாச்சு. அந்த இலை என்னன்னு மத்த சங்கத்துக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க.”

சிக்கந்தர் அன்றே அந்த மாற்றங்களைத் தேன்கூட்டின் நிரலை எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பொதுக் கிடங்குக்கு அனுப்பிவைத்தான். “அன்னதானத்துல சாப்பிட்டா ஒரு வேளையாவது பாத்திரம் கழுவிக் குடுத்துட்டு வரணும்க்கா” என்றான். மரித்திடமிருந்து இரண்டு வாரம் கழித்து ஒரு வரி வந்தது: ‘இதை நான் யோசித்திருக்க வேண்டும். சேர்த்துவிட்டேன். நன்றி.’

தைப்பூசத்துக்கு ஒரு லட்சத்துப் பதினோராயிரம் பேர் நடந்தார்கள். யாரும் விழவில்லை. பன்னிரண்டாவது மயில் வெற்று வழிகளில் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் நாள் ஓர் ஆட்டு மந்தை அதன் தண்ணீர் முழுவதையும் குடித்துத் தீர்த்தது. மேய்க்கிறவர் எலுமிச்சைச் சாற்றையும் கேட்டு வாங்கிக் குடித்தார். இரண்டாம் நாள் முழுக்க யாரையும் காணாமல் திரும்பி வந்தது. “இலை காஞ்சு போச்சு” என்று சிக்கந்தர் கேலி செய்தான். மூன்றாம் நாள், கணுக்கால் சுளுக்கி ஒரு பாலத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தது. அரிக்கிறது என்று பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டு, அந்தப் பையைத் தோழியிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். படத்தில் அவள் தோழியோடு பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தைவேலு இந்த முறையும் கடைசியாகத்தான் வந்தார். ஆனால் தனியாக வரவில்லை. மயில் ஒன்று அவர் நடைக்கு ஏற்றபடி கூடவே ஊர்ந்து வந்தது. சாக்கை அதன்மேல் வைத்திருந்தார்.

அடுத்த மார்கழியில், சங்கத்தின் சமையல்கட்டில் இலை எண்ணும் நாளில், மரித்திடமிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்தது. தேனம்மை அதை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்.

அவர்கள் ஊரில் இப்போது பனி அபூர்வம். ஆனால் அந்த வருடம் மூன்று நாள் விடாமல் கொட்டியதாம். காணாமல் போனவர்களைத் தேடிப் போகும், தானாக ஓடும் வண்டிகளுக்கும் தேன்கூடுதான் வழி காட்டுகிறது. எல்லோரும் பத்திரம் என்று படம் சொன்ன பிறகும் ஒரு வண்டி மட்டும் யாருமே இல்லாத பள்ளத்தாக்குக்குள் போயிருக்கிறது. பழுது என்று நினைத்து நிறுத்தப் போனார்களாம். அதற்குள் அது திரும்பிவிட்டது, மேலே ஒரு பெண்ணோடு. வழி தவறிய நாயைத் தேடிப் போனவள். தனியாக இருந்தாள், போனையும் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

தேனம்மை அடுத்த வரியை முதலில் தனக்குள் படித்தாள்.

“‘அவள்தான் நான் குறிப்பில் எழுதிய தோழி. பல வருடங்களுக்குப் பிறகு இப்போதுதான் மறுபடியும் தனியாக வெளியே போகத் தொடங்கியிருந்தாள்.’”

ஆண்டியப்பன் கையில் ஓர் இலையோடு அப்படியே நின்றார். பஞ்சவர்ணம் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். போன வருடம் விருந்தாளியாக வந்தவளுக்குத்தான் இப்போது சமையல்கட்டில் பாதி அதிகாரம்.

“வேற என்னக்கா எழுதியிருக்காங்க?” என்றான் சிக்கந்தர்.

“வண்டி ஏன் அங்க போச்சுன்னு நிரலைத் திறந்து பார்த்தாங்களாம். ‘இலை’ன்னு இருந்துச்சாம். அகராதியில தேடினா மரத்து இலைன்னு வருதாம். மரத்து இலைக்கும் பனியில வண்டி போறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டிருக்காங்க. என்ன பதில் எழுதறது?”

சிக்கந்தர் தாடையைத் தடவினான். நாங்கள் சாப்பிடும் தட்டு என்று எழுதலாமா என்றான். குழந்தைவேலு, கடைசியாக வருகிறவருக்கு எடுத்து வைப்பது என்று எழுதச் சொன்னார். இரண்டும் சரிதான். இரண்டிலும் ஏதோ குறைந்தது.

ஆண்டியப்பன் கையிலிருந்த இலையைக் கழுவி, அடுக்கின் மேல் வைத்தார். எண்ணிக்கை முடிந்திருந்தது. பிறகு இன்னொன்றை எடுத்தார்.

“ரொம்ப யோசிக்காதீக ஆச்சி. ஒரு நடை வந்து சாப்புட்டுப் பார்த்தாத் தெரியும்ண்டு எழுதுங்க. அந்தச் சிநேகிதியையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க.”

தேனம்மை அப்படியே எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, அவர் அடுக்கின் மேல் மேலும் ஓர் இலையை வைத்துக்கொண்டிருந்தார்.

“அதான் கூடுதல் இலை வச்சுட்டீங்களே மாமா. இது எதுக்கு?” என்றான் சிக்கந்தர்.

“ரெண்டு பேரு வர்றாகள்ல?” என்றார் ஆண்டியப்பன்.